ஊகத்தை ஊகமென்றே சொல்லும் காலவரிசை: ‘ஸ்டார் ட்ரெக் க்ரோனாலஜி’ மதிப்புரை

எதிர்கால விண்வெளிப் பயணங்களைச் சொல்லும் ‘ஸ்டார் ட்ரெக்’ வரிசையில் 1987இல் தொடங்கிய ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொலைக்காட்சித் தொடரின் முதல் கதையில், டேட்டா என்னும் இயந்திர மனிதன் தன்னை 78ஆம் ஆண்டு வகுப்பைச் சேர்ந்தவன் என்று சொல்லிக்கொள்கிறான். அதே பருவத்தின் கடைசிக் கதையில், நடப்பு ஆண்டு 2364 என்று அவனே சொல்கிறான். 2378 என்று கொண்டால் அவன் படித்து முடிக்க இன்னும் 14 ஆண்டுகள் இருக்கின்றன. 2278 என்று கொண்டால், இடையில் வரும் ஒரு கதையின்படி அவன் கண்டெடுக்கப்படுவதற்கே 60 ஆண்டுகள் முன்பாகப் படித்து முடித்துவிட்டான். சாதாரண ரசிகர் இதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோவார். என் போன்ற சிலருக்கோ அன்றிரவு தூக்கம் போய்விடும். அப்படித் தூக்கம் போனவர்களுக்காக, அதே நோயுள்ள இருவர் எழுதிய நூல்தான் மைக்கேல் ஒகுடாவும் டெனிஸ் ஒகுடாவும் தொகுத்து 1993இல் பாக்கெட் புக்ஸ் வெளியிட்ட ‘ஸ்டார் ட்ரெக் க்ரோனாலஜி’. அதன் திருத்திய பதிப்பு 1996இல் வந்தது.

நூலின் அமைப்பு எளிமையானது. ஆண்டு தலைப்பாக நிற்கும். அதன்கீழ் அவ்வாண்டில் நடந்தவை வரும். ஒவ்வொரு செய்திக்குப் பின்னாலும் அது எந்தக் கதையிலிருந்தோ திரைப்படத்திலிருந்தோ எடுக்கப்பட்டது என்ற குறிப்பு அடைப்புக்குறிக்குள் இருக்கும். வசனத்தில் இல்லாத ஒன்றைத் தொகுப்பாளர்கள் தாமாகக் கணித்திருந்தால், எப்படிக் கணித்தார்கள் என்பதைத் தனிக் குறிப்பாகக் கொடுத்துவிடுகிறார்கள். மைக்கேல் ஒகுடா அந்தத் தொடரில் கணினித் திரைகளின் வரைகலையை வடிவமைத்தவர். உள்ளிருந்தவர் என்ற உரிமையில், நினைத்த ஆண்டை அச்சடித்து, இதுதான் முடிவு என்று அவர் சொல்லியிருக்க முடியும். அப்படிச் சொல்லாமல் கணக்கைத் திறந்து வைத்ததால்தான், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த நூல் என் மேசையை விட்டு இறங்கவில்லை.

அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் சிறியதல்ல. 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான மூலத் தொடரை எழுதியவர்கள், கதை எந்த நூற்றாண்டில் நடக்கிறது என்பதில் ஒருமித்து நிற்கவில்லை. 1967 ஜனவரியில் வந்த ஒரு கதையில், தொலைவிலிருந்து பூமியைப் பார்ப்பவன் 900 ஆண்டுகளுக்கு முந்தைய ஒளியைக் காண்கிறான். அவன் கண்டதோ நெப்போலியன் காலத்துப் பூமி. அப்படியானால் கதை நடப்பது ஏறக்குறைய 2700இல். அடுத்த மாதமே வந்த இன்னொரு கதையில், 1990களில் பூமியை விட்டுத் தப்பிய கான் என்னும் வில்லன் இரண்டு நூற்றாண்டுகள் உறங்கியிருக்கிறான். அப்படியானால் கதை நடப்பது 2190களில். ஐந்து வார இடைவெளியில் ஐந்நூறு ஆண்டு வேறுபாடு! பின்னர் 1982இல் வந்த ஸ்டார் ட்ரெக் திரைப்படம், தொடக்க எழுத்திலேயே 23ஆம் நூற்றாண்டு என்று அறிவித்துப் பஞ்சாயத்தை ஒருவாறு முடித்துவைத்தது. ஒகுடாக்கள் அதை ஏற்று, கதை ஒளிபரப்பான ஆண்டோடு 300ஐக் கூட்டிக்கொள்ளும் விதியை வகுத்தார்கள். 1966 என்றால் 2266. விதி முரட்டுத்தனமானதுதான், ஆனாலும் அது விதி என்பதை வாசகரிடம் மறைக்கவில்லை.

பிந்தைய தொடர்களுக்கு வேலை எளிதாகிவிட்டது. டேட்டா சொன்ன 2364ஐ முதல் பருவத்தின் ஆண்டாக நிறுத்தி, பருவத்துக்கு ஓர் ஆண்டு என்று நகர்த்தினால், ஏழாம் பருவம் 2370இல் வந்து நிற்கிறது. அத்தொடரின் நட்சத்திரத் தேதிகளில், அதாவது கதைமாந்தர் நாளைக் குறிக்கச் சொல்லும் எண்களில், இரண்டாம் இலக்கம் பருவத்தோடு சேர்ந்தே ஏறுவதால், அதுவும் பொருந்திப்போகிறது. முதல் கதையில் தலைகாட்டும் முதியவர், மூலத் தொடரின் மருத்துவர் மெக்காய்க்கு வயது 137 என்பதால், அவர் பிறந்தது 2227 என்று பின்னோக்கியும் கணிக்கலாம். ஒரே ஒரு வசனத்தின் மீது இவ்வளவு பெரிய கட்டடம் நிற்பதைக் காணும்போது, சிலப்பதிகாரம் சொல்லும் இலங்கை மன்னன் கயவாகு என்ற ஒற்றைப் பெயரைப் பிடித்துக்கொண்டு சங்க காலத்தையே கணித்த அறிஞர்கள் எனக்கு நினைவுக்கு வருவார்கள். அங்கும் ஆணி ஒன்றுதான். அது அசைந்தால் அதில் தொங்குபவை அத்தனையும் அசையும்.

என் பெரிய குறையும் அங்கேதான் இருக்கிறது. எந்தக் கணிப்பு எந்த ஆணியில் தொங்குகிறது என்பதை ஒரே பார்வையில் காட்டும் ஏற்பாடு இந்த நூலில் இல்லை. குறிப்புகள் இருக்கின்றன, ஆனால் ஓர் ஆண்டு மாறினால் அதோடு சேர்ந்து எவையெவை மாற வேண்டும் என்பதை நாமே பக்கம் பக்கமாகத் தேட வேண்டும். நான் இதை அனுபவித்தே அறிந்தேன். ஒளியை விஞ்சும் வேகத்தில் கப்பலைச் செலுத்தும் வார்ப் இயந்திரத்தைக் கண்டுபிடித்த செஃப்ரம் காக்ரேன், மூலத் தொடரின் ஒரு கதைப்படி, 87 வயதில், 150 ஆண்டுகளுக்கு முன் காணாமற்போனவர். கதை நடப்பது 2267 என்றால் அவர் மறைந்தது 2117, பிறந்தது 2030. அவருடைய கண்டுபிடிப்பை முதற்பதிப்பு 2061இல் வைத்தது. நான் அதை அப்படியே என் சொந்தக் காலவரிசைக்கான குறிப்பட்டையில் மையால் எழுதி, அதிலிருந்து கணித்த வேறு ஏழெட்டு ஆண்டுகளையும் மையாலேயே எழுதி வைத்தேன். 1996இன் இறுதியில் வந்த திரைப்படமோ அந்த முதல் பயணத்தை 2063 ஏப்ரல் 5ஆம் தேதி நடத்திவிட்டது. இரண்டு ஆண்டு வித்தியாசம்தான் என்று தோன்றும். ஆனால் ஏழெட்டு அட்டைகளில் எவை 2061ஐச் சார்ந்தவை, எவை 2030ஐச் சார்ந்தவை என்று பிரித்தெடுக்க எனக்கு ஒரு வார இறுதி முழுவதும் தேவைப்பட்டது. அதற்குப் பிறகு, திரையில் ஒலித்தது மட்டும் மை, கணித்தது எல்லாம் பென்சில் என்று வழக்கப்படுத்திக்கொண்டேன். (2030இல் பிறந்தவருக்கு 2063இல் வயது 33. படத்தில் அவராக நடித்த ஜேம்ஸ் க்ராம்வெல்லுக்கு அப்போது 56. அந்தக் கேள்விக்கு என்னிடம் பென்சிலில்கூட விடை இல்லை.)

இரண்டாவது குறை நூலுடையது என்பதைவிட அதைப் பயன்படுத்தியவர்களுடையது. ஊகமென்று நேர்மையாகக் குறிக்கப்பட்டவற்றை ரசிகர்கள் பலர் குறிப்பை விட்டுவிட்டு ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மூலத் தொடரின் நாயகன் கேப்டன் கிர்க்கின் ஐந்தாண்டுப் பயணத்தை நூல் 2264 முதல் 2269 வரை வைத்தது. நெடுங்காலம் அதுவே வேதமாக நிலவியது. 2001இல் ‘வாயேஜர்’ தொடரின் ஒரு கதையில், இளைஞன் ஒருவன் கிர்க்கைப் பற்றிய தன் கட்டுரையை வாசிக்கும்போது அப்பயணம் 2270இல் முடிந்தது என்று சொல்கிறான். ஒரு மாணவனின் கட்டுரையால் எத்தனை பேருடைய அட்டவணைகள் ஓராண்டு தள்ளிப்போயின! மறுபக்கம், பூமியும் பிற கோள்களும் சேர்ந்த கூட்டமைப்பு 2161இல் தோன்றியது என்ற செய்தி 1992இல் திரையிலேயே சொல்லப்பட்டதால், 2005இல் முடிந்த ‘என்டர்ப்ரைஸ்’ தொடரும் அதை மாற்றாமல் காப்பாற்றிக்கொண்டது.

இந்த முறையை வேறு உலகங்களுக்குக் கொண்டுபோக முடியுமா என்றும் பார்த்தேன். காலப் பயணத்தைப் பற்றிய பிரிட்டிஷ் தொடரான ‘டாக்டர் ஹூ’வில் கை சுட்டது. 1975இல் வந்த கதையில் சாரா ஜேன் தான் 1980ஐச் சேர்ந்தவள் என்கிறாள். அவள் காலத்தில் படைப் பொறுப்பில் இருந்த பிரிகேடியரோ, 1983இல் வந்த கதையின்படி, 1977இலேயே படையை விட்டு விலகிப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். இரண்டுமே திரையில் ஒலித்தவை. இரண்டும் மையால் எழுத வேண்டியவை. ஒகுடாக்களின் விதிகளில் இதற்கு மருந்து இல்லை. அவர்களுக்கு வாய்த்ததுபோல் நடுவராக வந்து தீர்ப்புச் சொல்ல ஒரு திரைப்படம் இங்கே வரவுமில்லை.

1996க்குப் பிந்தைய தொடர்கள் எதுவும் நூலில் இல்லை. மூன்றாம் பதிப்பும் வரவில்லை. ஆகவே, முழுமையான பட்டியல் வேண்டுவோருக்கு இது பயன்படாது. தாமே ஒரு காலவரிசையைக் கட்டத் தொடங்குவோர் மட்டும் பழைய பிரதி கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளலாம். முதலில் குறிப்புகளை மட்டும் தொடக்கம் முதல் இறுதி வரை படித்துவிட்டு, அதன்பின் ஆண்டுகளுக்கு வருவது நல்லது. என் பிரதியில் 2269க்கு எதிரே ‘2270?’ என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். திரையில் ஒலித்தது மை என்ற என் வழக்கத்தின்படி அதை மையாக்கியிருக்க வேண்டும். அந்த இளைஞன் தன் கட்டுரைக்கு எதை ஆதாரமாகக் கொண்டான் என்று தெரியாததால் இன்னும் ஆக்கவில்லை.