புல் டெரியரா, ஸ்டாஃபியா? நான் ஸ்டாஃபி பக்கம் சாய்ந்த காரணம்

எங்கள் வீட்டில் ஐந்து வயது ஸ்டாஃபி ஒன்று இருக்கிறது, பெண் நாய். முழுப்பெயர் ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர். அவளைக் கொண்டுவருவதற்கு முன் ஓராண்டு முழுக்க வீட்டில் ஒரே பேச்சுதான்: இதுவா, முட்டைத் தலை புல் டெரியரா? உண்மையில் என் மனம் முதலில் போனது புல் டெரியர் மேல். சித்தப்பா மகன் வளர்த்த வெள்ளை புல் டெரியர் ஒரு மாதம் எங்களோடு தங்கியிருந்தது. அந்த இனத்தோடு எனக்கு நேரடிப் பழக்கம் அவ்வளவுதான், அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

இரண்டுக்கும் வேர் ஒன்று. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் புல்டாக்கையும் டெரியரையும் கலந்து, சண்டைக்கு விட வளர்த்த நாய்கள் இவை. பர்மிங்காமில் ஜேம்ஸ் ஹிங்க்ஸ் என்பவர் அந்தக் கலப்பிலிருந்து வெள்ளை புல் டெரியரை உருவாக்கினார். ஸ்டாஃபி பழைய உருவத்துக்கு நெருக்கமாகவே நின்றுவிட்டது, பிரிட்டனின் கென்னல் கிளப் அதை 1935இல் தனி இனமாக ஏற்றது. இந்தப் பழங்கதையால் இன்றைக்கு என்ன என்று கேட்டால், இரண்டுமே மனிதர்களிடம் குழையும், வேற்று நாய்களிடம் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. எங்கள் ஸ்டாஃபி ஒன்றரை வயது வரை எல்லா நாய்களோடும் விளையாடினாள். அப்புறம் மெல்ல மாறினாள். இப்போது எதிரே நாய் வந்தால் நான் வாரைச் சுருக்கிக்கொண்டு பாதையின் மறுபக்கம் போய்விடுவேன்.

உருவத்தில் பெரிய வித்தியாசம். ஆண் ஸ்டாஃபி 13 முதல் 17 கிலோ, பெண் அதைவிடக் கொஞ்சம் குறைவு, உயரம் 14 முதல் 16 அங்குலம். புல் டெரியருக்கு எடை வரம்பே வகுக்கவில்லை, 25 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். அந்த எடை திடீரென்று வாரை இழுத்தால் தோள்பட்டை தெறித்துவிடும். வீட்டில் வயதானவர்கள் நாயை நடத்திக் கூட்டிப்போவதாக இருந்தால் இதை யோசிக்க வேண்டும்.

குணத்துக்கு வருகிறேன். அந்த வெள்ளை நாயை இன்றும் மறக்க முடியவில்லை. ஜன்னல் திரையின் கீழ்நுனி முதுகில் உரசும்படி, தூக்கத்தில் நடப்பதுபோல அடிமேல் அடி வைத்து அங்குமிங்கும் நடக்கும். முதல்முறை பார்த்தபோது வலிப்போ என்று பயந்துபோனேன். இந்த இனத்தில் பலவும் இப்படிச் செய்யும், கெடுதல் இல்லை என்று மருத்துவர் சொன்னார். ஆனால் வாலைத் துரத்திச் சுற்றுவது வேறு விஷயம். கூப்பிட்டாலும் நிற்காமல், சாப்பாட்டையும் மறந்து சுற்றினால் அது நோய், மருத்துவம் தேவை. மற்றபடி புல் டெரியர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் மாற்றுவது கஷ்டம். அதட்டினால் இன்னும் முறுக்கிக்கொள்ளும், தின்பண்டம் காட்டி நைச்சியமாகத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். கையில் கிடைத்த ரப்பர் பொம்மையைத் துண்டுதுண்டாகக் கடித்து விழுங்கப் பார்க்கும், குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான்.

ஸ்டாஃபி அப்படியில்லை. பிடிவாதம் உண்டு, ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நான் நாற்காலியில் உட்கார்ந்தால் என் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுப்பாள். எழுந்தால் எழுவாள். அதே குணத்துக்கு ஒரு விலையும் உண்டு, தனியாக விட்டால் தாங்க மாட்டாள். முதல் ஆண்டில் கதவு நிலையைப் பிராண்டியே மரத்தூளாக்கினாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று பழக்கி நான்கு மணி நேரத்துக்குக் கொண்டுவர எட்டு மாதம் ஆயிற்று.

சரி, இவ்வளவும் சமாளிக்கக்கூடியவை. என்னை முடிவெடுக்க வைத்தது பரம்பரை நோய்க் கணக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் குட்டி தேடுகிற பலர் நிறத்தையும் தலையையும் பார்க்கிறார்கள், இதைக் கேட்பதில்லை.

ஸ்டாஃபியில் முக்கியமாகக் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, எல்-2-எச்ஜிஏ என்று சுருக்கமாகச் சொல்லும் வளர்சிதைக் கோளாறு. இது மூளையைத் தாக்கும், வலிப்பும் தள்ளாட்டமும் வரும். இன்னொன்று, சின்ன வயதிலேயே வரும் பரம்பரைக் கண்புரை. இரண்டுமே தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று பழுதான மரபணு இரு பக்கமும் வந்தால்தான் நோயாகும். இரண்டுக்கும் டிஎன்ஏ பரிசோதனை இருக்கிறது, வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். பெற்றோரில் ஒன்றிடம் அந்தப் பழுது இல்லவே இல்லை என்று பரிசோதனைத் தாளில் இருந்தால், அந்த ஈற்றில் எந்தக் குட்டிக்கும் அந்த நோய் வராது. பிரீடர், அதாவது குட்டி ஈனவைத்து விற்பவர், அந்தத் தாள்களைக் காட்டிய நாளில் என் பாதி கவலை போய்விட்டது.

புல் டெரியரில் இடிப்பது சிறுநீரகம். பரம்பரைச் சிறுநீரக அழற்சி, சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் என்று இரண்டு நோய்கள், இரண்டுக்கும் ஒரு பக்கத்துப் பழுதே போதும். நோயுள்ள ஒரு பெற்றோரிடமிருந்து சராசரியாகப் பாதிக் குட்டிகளுக்குப் போகும். கட்டிகளை ஸ்கேனில் பார்த்துவிடலாம். அழற்சிக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்று பார்ப்பதுதான் வழக்கம், அதில்தான் சிக்கல். இந்த ஆண்டு சரியாக வந்த அளவு இரண்டு ஆண்டு கழித்து ஏறலாம். அதற்குள் அந்த நாய் இரண்டு ஈற்றுக் குட்டி போட்டிருக்கும். ஆக, பெற்றோரின் தாள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், உங்கள் நாய்க்கு ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல பிரீடர்கள் இதைத் தவறாமல் செய்கிறார்கள், ஆரோக்கியமாக வாழ்கிற புல் டெரியர்கள் ஏராளம். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் அந்த முடிவுக்காக நெஞ்சு படபடக்கக் காத்திருக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெள்ளைக் குட்டி என்றால் காதும் சேர்ந்துகொள்கிறது. வெள்ளை புல் டெரியர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு ஒரு காதிலாவது கேட்காது. நிறமுள்ளவற்றில் இது மிகக் குறைவு. கை தட்டிப் பார்ப்பதெல்லாம் போதாது, அதிர்வை உணர்ந்தே திரும்பிவிடும். பேயர் என்னும் செவித்திறன் சோதனை செய்த குட்டியா என்று கேளுங்கள். வெயிலில் வெள்ளை நாயின் வயிறும் காதுநுனியும் எளிதில் வெந்துபோகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஸ்டாஃபியில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். தோல்தான் எங்கள் தலைவலி. மூன்று வயதில் பாதங்களை நக்கத் தொடங்கினாள், விரலிடுக்கு முடி துருப்பிடித்த நிறத்துக்கு மாறியது, அக்குளில் செந்தடிப்பு. எட்டு வாரம் ஒரே வகை உணவு கொடுத்துப் பார்த்ததில் உணவு காரணமில்லை என்று தெரிந்தது, சூழல் ஒவ்வாமைதான். இப்போது வெளியே போய் வந்ததும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடைக்கிறேன். வாரம் ஒருமுறை மருந்து ஷாம்பூ போட்டு, நுரையைப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுகிறேன். இதற்கு நேரம் இல்லாதவர்கள் எடுக்காமல் இருப்பது நல்லது.

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு எது என்று கேட்கிறார்கள். ஸ்டாஃபி குழந்தை பார்க்கும் ஆயா என்று ஒரு பேச்சு உலவுகிறது, அதை நம்பிக் குழந்தையை நாயோடு தனியே விடாதீர்கள். எந்த நாயோடும் விடக்கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது, இரண்டில் ஸ்டாஃபியையே சொல்வேன். புல் டெரியர் விளையாட்டு வெறியில் ஓடிவந்து மோதினால் சின்னக் குழந்தை தூக்கியெறியப்படும்.

பகல் முழுக்க ஆள் இருக்கும் வீடு, பெரிய பிள்ளைகள், ஏற்கெனவே பிடிவாதமான நாயை வளர்த்த அனுபவம், இத்தனையும் இருந்து, தாய் தந்தை இரண்டின் சிறுநீரகத் தாளும் கைக்கு வந்தால் புல் டெரியர் எடுங்கள். திரைக்கு அடியில் நடக்கும் அந்தத் தூக்க நடையை நீங்களும் பார்க்கலாம். இரண்டில் எதுவானாலும், உங்கள் ஊரிலும் குடியிருப்பிலும் இந்த வகை நாய்களுக்குத் தடையோ வாய்ப்பூட்டுக் கட்டாயமோ இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். குட்டியைப் பார்க்கப் போவது அதற்குப் பிறகுதான்.