கோடைக்கு றோட்டு, மாரிக்குச் சேறு: வன்னியில் ஒரு சைக்ளோகுரோஸ் சைக்கிள்

ஒரே சைக்கிளை வைத்துக்கொண்டு கோடையில் றோட்டுப் போட்டியும் மாரியில் சேற்றுப் போட்டியும் ஓடலாமா என்று கேட்டால், ஓடலாம் என்பதுதான் என் பதில். அதிலும் வன்னியில் இருப்பவர் முதலாவதாக வாங்க வேண்டியது புல், சேறு, மணலில் நடக்கிற சைக்ளோகுரோஸ் போட்டிக்கென்று செய்த சைக்கிள்தான், றோட்டு ரேஸ் சைக்கிளை ஆசைப்பட்டால் பிறகு பார்க்கலாம் என்று சொல்வேன். ஒரு கோடை முழுக்க இதிலேயே ஓடிவிட்டு மழைக்குக் காத்திருக்கிற நேரத்தில் எழுதுகிறேன். நன்றாக இருந்ததையும் சொல்கிறேன், இடித்ததையும் சொல்கிறேன்.

சைக்கிள் சுவிஸில் இருக்கும் மச்சான் ஓடியது. 2020இல் சூரிச்சுக்குப் பக்கத்தில் டூபெண்டோர்ஃப் விமானத்தளத்தில் சைக்ளோகுரோஸ் உலகச் சம்பியன் போட்டி நடந்தபோது அவன் நேரில் போய்ப் பார்த்தான். தரை முழுக்கச் சேறு. நெதர்லாந்து வீரர் மத்தியூ வான் டெர் போல் அந்தச் சேற்றுக்குள் இரண்டாவதாக வந்தவரை ஒரு நிமிடத்துக்கு மேல் பின்னால் விட்டுவிட்டு வென்றார். அதைப் பார்த்த பித்தத்தில் மச்சானும் ஒன்று வாங்கி ஓடத் தொடங்கி, பிறகு புதிது எடுத்ததும் பழையதைப் பெட்டியில் போட்டு எனக்கு அனுப்பிவிட்டான். அலுமினியம் பிறேம், காபன் முன் போர்க், ஷிமானோ கொம்பனியின் சோரா வகை ஒன்பது கியர், முன்னுக்கு 46 பல்லும் 36 பல்லுமாக இரண்டு பற்சில்லு, பின்னுக்கு 11 முதல் 32 பல் வரை, கேபிளில் இழுக்கிற டிஸ்க் பிறேக். பிறேம் செய்த கொம்பனி எதுவென்பது இங்கே முக்கியமில்லை, இந்த வகைச் சைக்கிள்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

கோடைப் போட்டிகள் என்று நான் சொல்வது, சித்திரை வருடப் பிறப்பையொட்டி விளையாட்டுக் கழகங்கள் வைக்கிற சைக்கிள் ஓட்டங்களும் அதற்குப் பிறகு எங்கள் பெடியள் சேர்ந்து விடியற்காலையில் ஓடுகிற நீண்ட ஓட்டங்களும்தான். பெயருக்குத்தான் பயிற்சி, பாதித் தூரம் போவதற்குள் அது போட்டியாகிவிடும். பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 எங்களுடைய முக்கியமான வீதி. முழுத் தூரமும் 50 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக வரும் ஏ34உம் முல்லைத்தீவில்தான் வந்து சேர்கிறது, ஆகவே கால் நன்றாக இருக்கிற நாளில் மாங்குளத்தையும் பரந்தனையும் இணைக்கிற ஏ9ஐயும் சேர்த்து ஒரு முக்கோணம் சுற்றலாம். ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. எங்களுக்கு மலை என்றால் காற்றுத்தான்.

மே பிறந்தால் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பிவிடும், புரட்டாதி வரை விடாது. பரந்தனிலிருந்து கிழக்கே போகும்போது காற்று முதுகில் தள்ளும், 40க்கு மேல் பறக்கலாம். திரும்பும்போது அதே காற்று இடப்பக்கம் முன்னுக்கு நின்று அடிக்கும், 27, 28க்கே நெஞ்சு அடைக்கும். தென்மேற்குக் காற்றில் கூட்டமாக ஓடும் கணக்கு இங்கேதான் படிந்தது. காற்று இடப்பக்கமிருந்து வருவதால் முன்னால் ஓடுபவர் வீதியின் இடது ஓரத்தைப் பிடிக்க வேண்டும், மற்றவர்கள் அவருக்குப் பின்னால் வலப்பக்கமாகச் சாய்ந்து ஒருவர் தோளுக்கு மறைவில் ஒருவராக வர வேண்டும். வாகனம் வருகிற வீதி என்பதால் நடுக்கோடு வரைதான் எங்களுக்கு இடம், அதற்குள் மூன்று பேர், மிஞ்சினால் நாலு பேர்தான் அடங்குவார்கள். ஐந்தாவது ஆளுக்கு மறைவு கிடையாது, அவர் காற்றைத் தனியே குடித்துக்கொண்டு வர வேண்டியதுதான். அதனால் திரும்புகிற இடத்துக்கு முன்னமே முதல் நாலு பேருக்குள் புகுந்துவிட வேண்டும். எல்லாருக்கும் இது தெரியும், ஆகவே உண்மையான அடிபாடு திரும்புகிற சந்திக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே தொடங்கிவிடும்.

இந்த இடத்தில்தான் சைக்கிளின் குணம் தெரியத் தொடங்கியது. றோட்டு ரேஸ் சைக்கிளைவிட இதில் இரண்டு சில்லுகளுக்கும் இடையிலான நீளம் கொஞ்சம் கூட, முன் போர்க்கும் கூடுதலாகச் சரிந்திருக்கும். சட்டென்று வெட்டித் திரும்பாது, வளைவில் சொன்ன பேச்சுக் கேட்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். ஆனால் பக்கக் காற்றில் அசையாது. ஆனையிறவு வெளியில் கடல்நீரேரிக்கு நடுவே போகும்போது ஆழமான றிம் போட்ட ரேஸ் சைக்கிள்காரர் ஹாண்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஓட, நான் ஒரு கையை விட்டுத் தண்ணீர் குடித்திருக்கிறேன். சிறுபோக அறுவடை நேரம் இன்னொன்றும் நடந்தது. வீதியின் பாதியில் நெல் காயப்போட்டு, படங்கின் ஓரத்துக்குக் கல் வைத்திருந்தார்கள், எதிரே டிரக்டர் பெட்டியோடு வந்துகொண்டிருந்தது. முன்னால் போன எல்லாரும் பிறேக் பிடித்தார்கள். நான் தாரை விட்டு இறங்கி ஓரத்துக் கிரவலில் அப்படியே ஓடி, நெல் முடிகிற இடத்தில் மீண்டும் தாரில் ஏறினேன், வேகம் குறையவே இல்லை. ரேஸ் சைக்கிளின் ஒல்லியான 23 மில்லிமீட்டர் ரயரில் அதைச் செய்ய யாருக்கும் துணிவு வராது.

சரி, இடித்தது என்ன? கியர்தான். முன்னுக்கு 46, பின்னுக்கு 11 போட்டு நிமிடத்துக்கு 90 தரம் மிதித்தால் 48 கிலோமீட்டர் வேகம்தான் வரும், 100 மிதித்தால் 53 அளவில். சாதாரண றோட்டு சைக்கிளின் 50 பல் முன் பற்சில்லில் இதே 90 மிதிப்புக்கு 52 கிடைக்கும். தனியே ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது. காற்று முதுகில் இருக்கும்போது கடைசி ஐந்நூறு மீட்டரில் எல்லாரும் எழும்பி அடிக்கிற நேரம் என் கால் காற்றில் சுற்றுகிற மாதிரி ஆகிவிடும். றோட்டுப் போட்டியில் வெல்வதுதான் ஒரே நோக்கம் என்றால் முன் பல்லை மாற்றத்தான் வேண்டும். நான் மாற்றவில்லை, சேற்றில் 46ஏ கூட. சில்லையும் சொல்ல வேண்டும். பின் சில்லில் செயின் பக்கத்துக் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன, தொழிற்சாலையில் இறுக்கம் சமமாகக் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள். கடைசியில் எல்லாக் கம்பியையும் கழற்றிப் புதிதாகக் கட்டுவித்த பிறகுதான் அந்தத் தொல்லை நின்றது. பழைய சைக்கிள் எடுப்பவர்கள் ஓடத் தொடங்குவதற்கு முன்பே கம்பிகளை இரண்டிரண்டாக விரலால் நசித்துப் பாருங்கள், ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும்.

ரயர், ரியூப் விஷயம் வன்னியில் தனிக்கதை. இங்கே கடைகளில் எளிதாகக் கிடைக்கிற 28 அங்குல ரயர் வழக்கமான பெரிய சைக்கிள்களுக்கு உரியது, அதன் றிம் விட்டம் 635 மில்லிமீட்டர். இந்த 700சி சில்லுகளுடையது 622. கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும், ஆனால் பொருந்தாது. காற்றடிக்கிற வால்வும் வேறு, மெல்லிய பிரெஸ்டா வால்வு. எங்கள் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கிற அண்ணை முதல்நாள் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஊசி மாதிரிக் கிடக்கு, இதுக்கு எங்கால காத்துப் போறது?" என்று கேட்டார். நுனியில் இருக்கிற சிறிய திருகைத் தளர்த்தி, மேலே பித்தளை அடாப்டரைப் பூட்டினால் அவருடைய பம்பிலேயே அடிக்கலாம். அடாப்டர் ஒன்றைச் சீற்றுக்குக் கீழ்ப் பைக்குள்ளும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். கோடை முழுக்க 28 மில்லிமீட்டர் கொன்ரினென்ரல் கேற்றர்ஸ்கின் போட்டு 75 பிஎஸ்ஐ காற்றில் ஓடினேன். நெருஞ்சி முள்ளுக்கு எதிராக இதைவிட நல்ல றோட்டு ரயரை நான் கண்டதில்லை, கொஞ்சம் இறுக்கமாக ஓடும் என்பது உண்மைதான். ரியூப் இல்லாத ரயருக்குள் ஓட்டை அடைக்க விடுகிற பால் போன்ற திரவம் எங்கள் வெயிலில் பெட்டியில் எழுதியிருக்கிற காலத்துக்கு முன்னமே காய்ந்துவிடும், அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும்.

செயினுக்குத் தையல் மெசின் எண்ணெய் விடுகிற பழக்கத்தைக் கைவிட்டேன். செம்மண் புழுதி அதில் ஒட்டி அரைத்த களி போலாகி, பல்லைத் தின்றுவிடும். கழுவிக் காயவைத்த செயினை உருக்கிய பரபின் மெழுகில் தோய்த்துப் போட்டால் புழுதி ஒட்டாது, கையில் கறுப்பும் படாது. மாரிக்கு இது சரிவராது, மெழுகைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போய்விடும், அப்போது தடித்த எண்ணெய்தான்.

இனி நான் உண்மையில் காத்திருக்கிற விஷயம். சைக்ளோகுரோஸ் தெரியாதவர்களுக்கு: இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர் வரையான ஒரு சுற்று, புல், சேறு, மணல், படி எல்லாம் அதற்குள் வரும். ஆண்களின் உயர்மட்டப் போட்டி ஒரு மணித்தியாலம். ஓட முடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு காலால் ஓட வேண்டும். ரயர் 33 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, குறுக்கே வைக்கிற தடுப்புப் பலகை 40 சென்ரிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. சைக்கிள் சேறு பிடித்தால் இடையில் மாற்றிக்கொள்ளலாம், அதற்கென்று இடம் இருக்கும். 1950இல் பாரிஸில் முதல் உலகச் சம்பியன் போட்டி நடந்தது, டூர் டி பிரான்ஸ் வென்ற ஜோன் ரோபிக்தான் அதில் முதலாவது. இந்தச் சைக்கிளில் கேபிள்கள் மேல் கம்பியின் மேற்பக்கத்தால் போவதற்குக் காரணமும் இந்த ஓட்டம்தான். கீழ்ப்பக்கம் வழவழப்பாக இருந்தால்தான் தோளில் வெட்டாது. தோளில் வைத்துப் பார்த்தபோதுதான் அதைச் செய்தவன் எவ்வளவு யோசித்திருக்கிறான் என்று விளங்கியது.

இந்த விளையாட்டுக்கு வேண்டிய எல்லாம் வன்னியில் இருக்கிறது என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. குளக்கட்டு இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, வரம்பு இருக்கிறது, மழை விழுந்தால் வழுக்குகிற செம்மண்ணும் காலைப் பிடித்து இழுக்கிற களியும் இருக்கிறது. மணல் வேண்டுமென்றால் முல்லைத்தீவுக் கடற்கரை. பெல்ஜியத்தில் கொக்சைட என்ற கடலோர ஊர் மணல்மேட்டு ஓட்டத்துக்கே பேர்போனது, 2012 உலகச் சம்பியன் போட்டி அங்கேதான் நடந்தது. நான் முல்லைத்தீவில் காற்றைக் குறைத்துப் பழகிப் பார்த்தேன். மணலில் பின்னுக்கு இருந்து, சின்னக் கியரில் வேகமாக மிதித்து, ஹாண்டிலை நெரிக்காமல் முன் சில்லைப் போகிற வழியில் விட்டால் போகும். ஹாண்டிலைத் திருப்பினால் அந்த இடத்திலேயே நிற்கும்.

எங்கள் திட்டம் ஒரு சின்னக் குளத்தைச் சுற்றி. கமக்காரர் அமைப்போடு கதைத்துவிட்டோம். கட்டின் சரிவில் சில்லை ஏற்றுவதில்லை என்பது நாங்களே வைத்த விதி, நனைந்த கட்டில் தடம் விழுந்தால் மழைத்தண்ணீர் அதையே வழியாக்கி அரித்துவிடும். ஆகவே ஏறுவது படியால், சைக்கிள் தோளில். தடுப்புக்குப் பனஞ்சிலாகை இரண்டை அரிந்து வைத்திருக்கிறோம். நேரம் ஐப்பசியின் முதல் மழைகளுக்குப் பிறகு, கார்த்திகை வெள்ளத்துக்கு முன். மார்கழியில் குளம் நிரம்பி வான் பாயும்போது அங்கே சைக்கிளுக்கு வேலையில்லை.

இரண்டு விஷயத்தை மிகவும் அழுத்திச் சொல்கிறேன். வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. ஆட்களும் மாடும் தினமும் நடக்கிற பாதையைத் தவிர வேறு இடத்தில், குறுக்கு வழி என்று, பற்றைக்குள் சைக்கிளை இறக்கவே கூடாது, எச்சரிக்கைப் பலகை இல்லாவிட்டாலும்கூட. மற்றது எலிக்காய்ச்சல். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அதனால் ஆட்கள் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். காலில் கீறல் இருந்தால் வயல் சேற்றில் இறங்காதீர்கள். அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்னமே கேட்டுத் தடுப்பு மாத்திரை தேவையா என்று அறிந்துகொள்ளுங்கள்.

சைக்கிளில் மிச்ச வேலை அதிகமில்லை. 33 மில்லிமீட்டர் ஸ்வால்பே எக்ஸ்-வன் ரயர் வந்து சேர்ந்துவிட்டது, 25 பிஎஸ்ஐயில் தொடங்கிப் பார்க்கப் போகிறேன். பிறேக் கட்டையை உலோகத் துகள் கலந்ததாக மாற்ற வேண்டும், ரெசின் கட்டை செம்மண் சேற்றில் ஒரே ஓட்டத்தில் கரைந்துபோகும். தண்ணீர்ப் போத்தல் கூட்டையும் கழற்ற வேண்டும், தோளில் தூக்கும்போது கைக்கு இடைஞ்சல். எங்களோடு ஓட விரும்புகிறவர்களுக்குச் சைக்ளோகுரோஸ் சைக்கிள்தான் வேண்டும் என்றில்லை. வீட்டில் நிற்கிற சாதாரண லுமாலா சைக்கிளே போதும், ஆனால் மட்காட், ஸ்ராண்ட், கரியர் மூன்றையும் கழற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள். மட்காட்டுக்குள் களி இறுகினால் சில்லு சுற்றாது. கழுவுவதற்கு வாளியும் தண்ணீரும் கட்டுக்குக் கீழே நாங்கள் வைத்திருப்போம்.