பழைய பைக்கின் மீட்டரும் சென்சார்களும்: பல வருடம் பழுது பார்த்து ஓட்டிய அனுபவம்

மீட்டரில் ஒரு முள் படுத்துவிட்டால் உடனே புது சென்சார் தேடிப் போகாதீர்கள், முதலில் வோல்ட்டும் ஓமும் (மின்தடை) அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றைக் கையில் எடுங்கள். நான் வைத்திருப்பது கார்புரேட்டர் வண்டி, கூலன்ட் ஓடும் இன்ஜின், கேபிளில் ஓடும் ஸ்பீடோமீட்டர், அதோடு பெட்ரோல் முள், டெம்பரேச்சர் முள், நியூட்ரல், ஆயில், இண்டிகேட்டர் விளக்குகள். இத்தனை வருடத்தில் இவை எல்லாமே ஒருமுறையாவது மக்கர் செய்திருக்கின்றன. ஆனால் கோளாறு பெரும்பாலும் ஒயரில், கனெக்டரில், எர்த்தில்தான் இருந்தது. உண்மையாகவே செத்துப்போன சென்சார்கள் கொஞ்சம்தான்.

எர்த்திலிருந்து, அதாவது கரண்ட் பிரேம் வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் அலைக்கழித்தது அதுதான். இண்டிகேட்டர் போட்டால் அதன் தாளத்துக்குப் பெட்ரோல் முள்ளும் ஆடுகிறது, ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் இடம் மாறுகிறது என்றால் இரண்டு சென்சாரும் ஒரே நேரத்தில் கெட்டுவிட்டன என்று நினைக்க வேண்டாம், அவற்றுக்குப் பொதுவான எர்த் ஒயரைப் பாருங்கள். இங்கே ஒயர் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கும்போது மல்டிமீட்டர் தரும் பீப் சத்தத்தை நம்பக் கூடாது. பத்து இழை அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் அடிக்கும், லோடு வந்தால்தான் அது தாங்காது. சாவியைப் போட்டு, விளக்குகளை எரியவிட்டு, மீட்டரின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்ட் அளந்து பாருங்கள். 0.1 வோல்ட் அளவில் இருந்தால் சரி, அரை வோல்ட் காட்டினால் பழுது அங்கேதான். பிரேமில் அந்த போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, களிம்பு பிடித்த முனையைப் பளபளப்பாகும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். வருடங்கள் ஓடிவிட்டன, மழையிலும் நிற்கும் வண்டிதான், அந்த முள் மறுபடி ஆடவில்லை.

அடுத்தது பெட்ரோல் முள். டேங்க் சென்டரின் (sender, மிதவையை வைத்துப் பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் பாகம்) கனெக்டரைக் கழற்றி, மீட்டர் பக்கம் போகும் இரண்டு ஒயரையும் ஒரு நொடி சேர்த்தால் முள் ஒரு கோடிக்குப் போக வேண்டும், பிரித்தால் மறுகோடிக்கு வர வேண்டும். இதை டேங்கை விட்டுத் தள்ளி, பெட்ரோல் வாசனை இல்லாத இடத்தில் செய்யுங்கள், ரொம்ப நேரம் சேர்த்து வைக்காதீர்கள். முள் சரியாகப் போய்வந்தால் மீட்டரில் குறை இல்லை, சென்டரை வெளியே எடுக்கலாம். டேங்க் காலியாக, இன்ஜின் ஆறி, காற்றோட்டமான இடமாக இருக்கட்டும். மிதவையை மெதுவாக ஏற்றி இறக்கிக்கொண்டே ஓம் அளந்தால் எண் சீராக ஏறி இறங்க வேண்டும். என்னுடையதில் பாதி டேங்க் இருக்கும் இடத்தில் மட்டும் தொடர்பு விட்டுப்போனது. பழைய பெட்ரோல் காய்ந்து, கம்பிச் சுருளின் மேல் பழுப்பாக ஒரு படலம் படிந்திருந்தது. கான்டாக்ட் கிளீனரும் பஞ்சும் வைத்துத் துடைத்து, சுருளின் மேல் நகரும் கையைத் துளி வளைத்து அழுத்தம் கூட்டினேன், அவ்வளவுதான், இன்றுவரை ஓடுகிறது. மிதவையைக் குலுக்கும்போது உள்ளே பெட்ரோல் தளும்பினால் மட்டும் மாற்றித்தான் ஆக வேண்டும். அப்புறம், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓரிங்கைப் புதிதாக வாங்கி வைத்துக்கொண்டு சென்டரைத் திறங்கள். பெட்ரோலில் ஊறிய பழைய ரப்பர் உப்பிவிடும், திரும்பப் பள்ளத்தில் உட்காராது.

வெளிச்சந்தை சென்டர்கள் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஓம் அளவைக் கேட்காமல் வாங்க வேண்டாம். சில வண்டிகளில் டேங்க் நிறைந்தால் ஓம் குறையும், சிலவற்றில் கூடும். பொருத்தம் தலைகீழாகிவிட்டால் நிறைந்த டேங்க் காலி என்று காட்டும். துளை பொருந்துகிறது என்பதை மட்டும் பார்த்து வாங்கினால் பழைய மீட்டர் மேல்தான் வீணாகப் பழி விழும்.

டெம்பரேச்சர் சென்சாரைச் சோதிப்பது எளிது. சூடு ஏறினால் அதன் ஓம் குறையும். ஒரு பாத்திரத் தண்ணீரில் முனையைத் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்கி, எண் சீராக இறங்குகிறதா என்று பார்த்தால் போதும். பல இன்ஜெக்‌ஷன் வண்டிகளின் சென்சார் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம் வரையும், 80 டிகிரியில் 300 ஓம் அளவிலும் காட்டும். முள்ளுக்கு மட்டும் போகும் பழைய வகையில் இது ரொம்பக் குறைவாக இருக்கும், உங்கள் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஒயர் சென்சார் என்றால் அதன் எர்த்தே மரைவழியாகத்தான் போகிறது. கசிவுக்குப் பயந்து டெஃப்லான் டேப்பை வரிந்து சுற்றினால் எர்த் போய்விடும், நல்ல சென்சாரும் செத்ததுபோல நடிக்கும்.

ஆயில் விளக்கு விஷயத்தில் மட்டும் நான் ரொம்பக் கண்டிப்பு. ஓடும்போது அது எரிந்தால் சென்சார் கோளாறாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு ஒரு கிலோமீட்டர்கூடப் போகக் கூடாது. இன்ஜினை நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள், பிறகு அந்த விளக்கை எரியவிடும் ஆயில் அழுத்த ஸ்விட்ச் இருக்கும் துளையில் பிரஷர் கேஜ் மாட்டி அளந்து பாருங்கள், அழுத்தம் சரியாக இருந்தால்தான் ஸ்விட்ச் மேல் சந்தேகம் வரலாம். சாவி போட்டதும் அந்த விளக்கு எரிகிறதா என்பதையும் தினமும் கவனியுங்கள். பல்பு போயிருந்தால் அது எச்சரிக்கவே எச்சரிக்காது.

பல்புகளை எல்இடிக்கு மாற்றுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு பக்க இண்டிகேட்டருக்கும் ஒரே விளக்கு உள்ள மீட்டரில் அந்தப் பல்பு இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் குறுக்கே மாட்டப்பட்டிருக்கும். சாதாரண பல்பில் கரண்ட் எந்தத் திசையில் போனாலும் எரியும், எல்இடி ஒரு பக்கத்துக்கு மட்டும் எரியும். அந்த இடத்தில் நான் பழைய பல்பையே விட்டுவிட்டேன். பல்புகள் அடிக்கடி போகின்றன என்றால் சார்ஜிங் வோல்ட்டைப் பாருங்கள். இன்ஜினை முடுக்கும்போது 15 வோல்ட்டைத் தாண்டினால் முதலில் அந்த வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரைக் கவனிக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்ற மின்பாகங்களும் கெடும்.

ஸ்பீடோமீட்டருக்கு வருவோம். கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது, அந்தச் சுழற்சி பக்கத்தில் உள்ள அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கிறது, ஒரு மெல்லிய ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்ஸே 1902-ல் காப்புரிமை வாங்கிய இந்த அமைப்புதான் இன்னும் என் வண்டியில் ஓடுகிறது, நினைக்கும்போதெல்லாம் மதிப்பு கூடுகிறது. முள் நடுங்கினால் முக்கால்வாசி காரணம் காய்ந்த அல்லது மடங்கிய கேபிள். உள்கம்பியை உருவித் துடைத்து லேசாக கிரீஸ் தடவுங்கள், ஆனால் மீட்டர் பக்கம் ஒரு சாண் அளவுக்கு விட்டுவிடுங்கள். சுழலும் கம்பி கிரீஸை மேலே ஏற்றும், அது கிண்ணத்துக்குள் போனால் முள் தாறுமாறாக ஏறும். ஓடும்போது டிரிப் மீட்டரை ஜீரோ ஆக்குவதும் வேண்டாம், சின்ன பிளாஸ்டிக் பற்கள் உடைவது பெரும்பாலும் அதனால்தான். ஜிபிஎஸ்ஸைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுகிறது என்று பலர் கவலைப்படுகிறார்கள். ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதி வேகத்தைக் குறைத்துக் காட்டக் கூடாது என்றே சொல்கிறது, அதனால் தயாரிப்பவர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டித்தான் வைக்கிறார்கள்.

இன்னும் முடிக்காத வேலை ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிகிறது. இந்த மீட்டரின் உலோக வளையம் மடித்து இறுக்கிய வகை, நெம்பினால் நெளியும். அதனால் அதை இன்னும் தொடவில்லை. கீழே உள்ள காற்றுத் துளையின் அடைப்பை எடுத்ததில் ஆவி முன்பைவிடச் சீக்கிரம் விலகுகிறது, ஆனால் அடுத்த மழைக்கு மறுபடி வரத்தான் செய்கிறது.