அம்மாவின் சமையலறை: 14 ஆண்டுகள் புழங்கிய பிறகு

கும்பகோணத்தில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறை 2011-இல் என் கைக்கு வந்தது. முழங்கால் வலி முற்றி, அம்மாவால் அடுப்படியில் நிற்க முடியாமல் போனது. அதுவரை எனக்குச் செய்யத் தெரிந்தது ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். "எப்படி வேண்டுமானாலும் சமைத்துக்கொள் தம்பி, பாத்திரத்தை மட்டும் மாற்றிவிடாதே" என்றார் அம்மா. 14 ஆண்டுகளாக மாற்றவில்லை. பாட்டியின் சீர், அம்மாவின் சீர், விசேஷங்களில் வந்து சேர்ந்தவை என்று அங்கே இருப்பதை எல்லாம் அன்றாடம் புழங்கியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். இப்படிப்பட்ட பாத்திரங்களைப் பரணில் ஏற்றிவைத்துவிட்டு, இறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுவது.

முதலில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு, ஏனென்றால் எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான். பயம் நியாயமானது. சொம்பின் ஈயம் என்பது வெள்ளீயம் (டின்), அது 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அடுப்புத் தீயின் சூடு அதைவிடப் பல மடங்கு. உள்ளே புளித்தண்ணீர் இருக்கும்வரை சூட்டை அது வாங்கிக்கொள்ளும், சொம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே முதலில் ஊற்ற வேண்டும், பிறகுதான் பற்றவைக்க வேண்டும். இதைப் பலரும் சொல்வார்கள். நான் பழகித் தெரிந்துகொண்டது இன்னும் இரண்டு. தீ அடிப்பாகத்தை விட்டு வெளியே வந்து பக்கங்களில் ஏறக் கூடாது. ரசம் நிற்கும் மட்டத்துக்கு மேலே தீ பட்டால் அந்த இடத்தில் சொம்பு தளர்ந்துவிடும். தாளிப்பதை இரும்புக் கரண்டியில் தனியாகச் செய்து கொட்ட வேண்டும். காய்ந்த நெய்யின் சூடு ஈயம் தாங்கும் சூட்டுக்குப் பக்கத்தில் போய்விடும்.

எங்கள் வீட்டில் இப்போது இருப்பது இரண்டாவது சொம்பு. பாட்டியின் சொம்பு 1984-இல் உருகிப்போனது. அம்மா அடுப்பைப் பற்றவைத்து, வெறும் சொம்பை வைத்துவிட்டு, புளி கரைக்கத் திரும்பியிருக்கிறார். திரும்பிப் பார்ப்பதற்குள் அடுப்பின் மேல் வெள்ளிபோல் ஓடிக் கிடந்ததாம். அந்தக் கட்டியை எடைக்குப் போட்டிருந்தால் புதுச் சொம்பின் விலையில் கழித்துக்கொண்டிருப்பார்கள். அம்மா போடவில்லை. தீப்பெட்டி வைக்கும் மாடத்திலேயே அதையும் வைத்தார், இன்னும் அங்கேதான் இருக்கிறது. அடுப்பைப் பற்றவைக்கப் போகும் கை முதலில் அதன்மேல் பட்டுத்தான் தீப்பெட்டிக்குப் போகும். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட வெறும் சொம்பை நான் தீயில் வைத்ததில்லை என்றால் அந்தக் கட்டிதான் காரணம்.

சொம்பு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2018-இல் தங்கைக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சுத்த ஈயம் என்று சொல்லித்தான் கடையில் தந்தார்கள். கையில் எடுத்தபோதே எங்கள் சொம்பைவிடக் கனமாகத் தெரிந்தது. காகிதத்தில் தேய்த்தேன், கருங்கோடு விழுந்தது. உலோகப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்ததில் காரீயம் (லெட் என்னும் நச்சு உலோகம்) கலந்திருப்பது உறுதியானது. காரீயம் உடம்பில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்; இவ்வளவு வரை போகலாம் என்று பாதுகாப்பான அளவு எதுவும் அதற்கு இல்லை. புளிப்பான ரசம் அதை எளிதாகக் கரைத்துக் குழந்தையின் தட்டுக்கே கொண்டு வந்துவிடும். தங்கை வீட்டில் அப்போது இரண்டு வயதுக் குழந்தை இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் அடங்குவதில்லை. பரிசோதிக்காமல் புதுச் சொம்பில் சமைக்காதீர்கள். பழைய சொம்பு என்றாலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நாங்களும் எங்கள் சொம்பைப் பரிசோதித்துவிட்டுத்தான் தொடர்ந்தோம்.

கல்சட்டியை நான் பரணிலிருந்து இறக்கினேன். பாட்டி போன பிறகு யாரும் தொடாமல் கிடந்தது. பல ஆண்டுகள் சும்மா கிடந்த மாக்கல்லை நேரே தீயில் வைத்தால் விரிசல் விட்டுவிடும் என்று அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி தடுத்தார். விளக்கெண்ணெயும் மஞ்சள் தூளும் தடவி மூன்று நாள். பிறகு சாதம் வடித்த கஞ்சியை, முதலில் வெதுவெதுப்பாகவும் போகப்போகச் சூடாகவும், தினம் ஊற்றிவைத்து ஒரு வாரம். அதற்குப் பிறகே சிறு தீ. பொறுமை இல்லாத எனக்கு அந்தப் பத்து நாள் பெரிய பாடாக இருந்தது. அதன் பிறகு கிடைத்த வத்தக்குழம்பை வேறு எந்தப் பாத்திரத்திலும் நான் கண்டதில்லை. அடுப்பை அணைத்த பிறகும் கல் வெகுநேரம் கொதிக்கவைத்துக்கொண்டே இருக்கிறது. அதனால் குழம்பு கெட்டிப்படுவதற்குச் சற்று முன்பே அணைத்துவிட வேண்டும். இந்தக் கணக்குப் பிடிபட எனக்கு ஓர் ஆண்டு ஆனது. சோப்புப் போடக் கூடாது, கல் அதைக் குடித்துவிடும். கடலைமாவும் தேங்காய் நாரும் போதும். குழம்பு தீர்ந்ததும் அடியில் ஒட்டியிருப்பதோடு சூடான சாதத்தையும் நல்லெண்ணெயையும் போட்டுப் பிசைந்து எடுக்கும் கடைசி உருண்டைக்கு என் பிள்ளைகள் இன்றும் சண்டை போடுகிறார்கள். நானும் தங்கையும் பாட்டியிடம் போட்ட அதே சண்டை.

பாத்திரம் தேய்க்கும்போது விரலில் படும் புள்ளி எழுத்துகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அடுக்குகளில், தூக்குகளில், தாம்பாளங்களில் எல்லாம் உளியால் கொத்திய பெயர்கள் இருக்கின்றன. யார் கொடுத்தது, என்ன விசேஷம், எந்தத் தேதி. ஒரு பித்தளைத் தூக்கில் '12.6.58' என்ற தேதியும் இரண்டு எழுத்துகளும் மட்டும் இருந்தன. யாருடையது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. கும்பகோணத்தில் பாதி வீடுகளில் இப்படி ஒரு பாத்திரமாவது இருக்கும், கல்யாணப் பந்தியில் மாறி வந்தது. பெரியம்மாவிடம் கேட்டபோதுதான், அது மாறி வந்ததல்ல, பாட்டியின் சிநேகிதி ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது தன் பெயரின் எழுத்துகள் பொறித்த தூக்கையே கொடுத்துவிட்டுப் போனது என்று தெரிந்தது. அதில் நான் தயிர் வைப்பதை உடனே நிறுத்தினேன், பித்தளையில் புளிப்பு ஆகாது. இப்போது சர்க்கரை இருக்கிறது, தினமும் திறக்கிறோம்.

ஒரு பாத்திரத்தை நான் கெடுத்தேன். 2015 பொங்கலுக்கு மறுநாள், வெண்கலப் பானை கழுவும்போது கை நழுவியது. பித்தளை விழுந்தால் நசுங்கும், தட்டி எடுத்துவிடலாம். வெண்கலம் கீறல் விடும். தூக்கித் தட்டிப் பார்த்தேன். மணிபோல் ஒலித்துக்கொண்டிருந்தது கட்டையைத் தட்டியதுபோல் அடங்கியது. அம்மா கூடத்திலிருந்தே ஒலியைக் கேட்டுவிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. பானையில் இப்போது வடகம் வைக்கிறோம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பித்தளை ஃபில்டரில் டிகாக்ஷன் இறங்க மறுத்தால் மேல் பாகத்தின் துளைகளைத் தீயில் காட்டித் தட்டினால் அடைப்பு உதிரும். இரும்பு தோசைக்கல் தினமும் புழங்கினால் எந்தக் கவனிப்பும் கேட்பதில்லை. ஆட்டுக்கல்லை நான் கைவிட்டுவிட்டேன், மாவுக்கு கிரைண்டர்தான். ஆனால் அளவுக்கு இன்றும் ஆழாக்குதான்: இட்லிக்கு அரிசி நான்கு, உளுந்து ஒன்று. எட்டு ஆழாக்கு ஒரு படி என்று பிள்ளைகளுக்கும் மனப்பாடம். இண்டக்ஷன் அடுப்புக்கு மாற நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: இவற்றில் தோசைக்கல் ஒன்றுதான் அதில் சூடேறும். ஈயம், பித்தளை, வெண்கலம், மாக்கல் எதுவும் ஏறாது. எங்கள் வீட்டில் எரிவாயு அடுப்பு நிலைத்ததற்கு அதுதான் காரணம்.

பெரிய தவலையின் உள்ளே இந்த மாதம் மஞ்சள் தெரிய ஆரம்பித்திருக்கிறது, ஈயப்பூச்சு போய்விட்டது. முன்பெல்லாம் ஈயம் பூசுபவர்கள் தெருவுக்கே வந்து, கரி அடுப்பு மூட்டி, நவச்சாரத்தைத் தூவி வெண்புகை எழுப்புவார்கள். இப்போது நாம்தான் தேடிப் போக வேண்டும். அடுத்த ஞாயிறு எடுத்துப் போகிறேன். பாத்திரம் சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டுமாம். கொல்லையில் வெயிலில் கவிழ்த்துவைத்திருக்கிறேன்.