பேனா பிளாங்க் வார்க்க எபாக்ஸி ரெசின்: சில வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

பேனா, சாவிக்கொத்து, கத்திப்பிடி என்று லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) கடைவதற்கான கலர் பிளாங்க்குகளை, அதாவது கடையாத ரெசின் கட்டைகளை, வீட்டிலேயே வார்த்து வருகிறேன். முதலில் எடுத்தது ஃபைபர் கிளாஸ் கடைகளில் கிடைக்கும் பாலியஸ்டர் ரெசின். விலை குறைவு, பளபளப்பும் நன்றாக வரும். ஆனால் ஸ்டைரீன் நெடி வீடெல்லாம் நிற்கும். உளி பட்டால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். எபாக்ஸிக்கு மாறியதும் இரண்டு தொல்லையும் வெகுவாகக் குறைந்தது.

நான் வாங்குவது ரெசினையும் அதை இறுகச் செய்யும் ஹார்டனரையும் எடைக்கு 2:1 விகிதத்தில் கலக்கும் ரகம். 20 மி.மீ. சதுரமும் 130 மி.மீ. நீளமும் உள்ள ஒரு பிளாங்க்குக்கு 52 மில்லி பிடிக்கும். கப்பில் ஒட்டுவதையும் சேர்த்து ரெசின் 42 கிராம், ஹார்டனர் 21 கிராம் எடுத்துக்கொள்கிறேன். லேபிளில் உள்ள விகிதம் எடைக்கா கொள்ளளவுக்கா என்று கட்டாயம் பாருங்கள். ஹார்டனர் ரெசினைவிட லேசானது, அதனால் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் கணக்கு தவறிவிடும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டிப் போடுவது எந்தப் பலனும் தராது; பிளாங்க் ரப்பர் போல வளைந்துகொண்டுதான் இருக்கும்.

இரண்டு மூன்று நிறம் வேண்டுமென்றால் மொத்த ரெசினையும் ஒரே கப்பில் ஹார்டனரோடு கலந்துவிட்டு, அப்புறம் பிரிக்கிறேன். பத்துப் பத்து கிராமாகத் தனித்தனியே அளந்தால் தராசின் சின்னப் பிசகுகூட பெரிதாகத் தெரியும். ஓரத்தையும் அடியையும் வழித்து நிதானமாக மூன்று நான்கு நிமிடம் கலக்கி, வேறு கப்புக்கு மாற்றி இன்னொரு முறை கலக்க வேண்டும். கப்பின் சுவரில் ஒட்டிய கலக்காத ரெசின்தான் பிளாங்க்கில் பிசுபிசுப்பான புள்ளிகளாக நிற்கும். நிறத்துக்கு மைக்கா பவுடரோ ரெசினுக்கென்றே வரும் பிக்மென்ட்டோ போதும். தண்ணீர் கலந்த பெயின்ட் வேண்டாம்.

பிளாங்க்கின் அழகைத் தீர்மானிப்பது நிறத்தைவிட ஊற்றும் நேரம் என்பேன். கலந்தவுடன் ரெசின் தண்ணீராக ஓடும். அப்போதே ஊற்றினால் மைக்கா அடியில் படியும். சிவப்பும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து சேற்று நிறம்தான் மிஞ்சும். காத்திருந்தால் கப் இளஞ்சூடாகும், குச்சியைத் தூக்கினால் விழும் இழை தடிக்கும். மைசூர்பாகுக்குக் கம்பிப் பதம் பார்க்கிற அதே கவனம் இங்கே வேண்டும். அந்தப் பதத்தில் இரு நிறங்களையும் மோல்டின் (வார்க்கும் அச்சின்) எதிரெதிர் முனையிலிருந்து மெதுவாக ஊற்றி, குச்சியால் ஒரே ஒரு முறை இழுத்தால் போதும். நிறங்கள் ரிப்பன் ரிப்பனாகப் பிரிந்து நிற்கும். மைக்கா ஓடிய திசை வெட்டிய பிறகும் பட்டுச் சேலை மடிப்பில் விழும் ஒளியாக மின்னும்.

நம் ஊர் வெயிலில் இந்தப் பதம் நின்று பார்க்க விடாது. 10 டிகிரி கூடினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கப்பில் குவிந்து கிடக்கும் ரெசின் தன் சூட்டிலேயே இன்னும் வேகமாக இறுகும்; அளவு அதிகமானால் புகையக்கூடச் செய்யும். அதனால் சித்திரை, வைகாசியில் விடியற்காலையில்தான் ஊற்றுகிறேன், அதுவும் ஸ்லோ ஹார்டனரோடு. மழைக்காலத்தில் ஈரக்காற்று பட்டு மேற்பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு படலம் வரும். சோப்புத் தண்ணீரில் கழுவினால் போய்விடும்.

குமிழிக்கு, காற்றழுத்தம் ஏற்றி மூடிவைக்கும் பாத்திரமான பிரஷர் பாட்தான் சரியான தீர்வு. 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இறுகும்வரை வைத்தால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும். அது இல்லாதவர்கள் அடர்நிறத்தில் வார்க்கலாம், உள்ளே இருக்கும் குமிழி தெரியாது.

24 மணி நேரத்தில் மோல்டிலிருந்து எடுத்தாலும் ஒரு வாரம் விட்டுத்தான் கடைகிறேன். துளையிடும்போது அடிக்கடி ட்ரில் பிட்டை வெளியே எடுத்து ஆறவிட வேண்டும். சூடேறினால் ரெசின் இளகி ஒட்டும். வெளிர்நிற பிளாங்க் என்றால் உள்ளே போகும் பித்தளைக் குழாய்க்கு முன்பே பெயின்ட் அடித்துவிடுங்கள், இல்லையென்றால் மஞ்சள் நிழல் தெரியும்.

கையுறை இல்லாமல் ஹார்டனரைத் தொடவே கூடாது. ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் போகாது. தேய்க்கும்போது பறக்கும் தூளுக்கு மாஸ்க்கும் அவசியம்.

வெயில் படும் இடத்தில் வைத்த நிறமற்ற, வெள்ளை பிளாங்க்குகள் காலப்போக்கில் மஞ்சளித்துவிட்டன. நீலமும் கருஞ்சிவப்பும் அன்று வார்த்தபடியே இருக்கின்றன. இப்போது வெள்ளை கேட்பவர்களுக்கு கடையில் கிடைக்கும் அக்ரிலிக் ராடையே பரிந்துரைக்கிறேன்.