முட்டையிடப் போகும் வெடைக்கோழி என்று சொல்லி, பண்ணையில் முட்டை குறைந்து கழித்த கோழியை இறக்குகிறார்கள்: கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்தவர்கள் கவனிக்க

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நம் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடை பக்கம் தோப்பிலோ வீட்டுப் பின்னாலோ நாலு கோழி, ரெண்டு ஆடு வளர்க்கலாம் என்று நினைப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள். வாட்சாப் குழுக்களில் "பண்ணை பேக்கேஜ்" என்று ஒரு விளம்பரம் சுற்றுகிறது. இருபது முட்டைக்கோழி, இரண்டு சினை ஆடு, கம்பிக்கூண்டு, ஒரு மூட்டை தீவனம், எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். வீட்டிலேயே கொண்டுவந்து இறக்குவார்கள். முட்டையையும் குட்டியையும் அவர்களே திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருப்பதால் விற்ற ஆளின் பெயரைப் போடவில்லை. செய்கிற விதத்தைச் சொல்கிறேன், அதை வைத்தே அடையாளம் தெரியும்.

பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு தோப்பில் நேரில் போய்ப் பார்த்துத்தான் பேசினோம். அங்கே இருந்தவை அருமையான வெடைகள். கொண்டை அப்போதுதான் சிவக்க ஆரம்பித்திருந்தது, கால் நல்ல மஞ்சள். "இருவது வாரமாச்சுங்க, இன்னும் பத்து நாள்ல முட்டை வெச்சுரும்" என்றார் விற்றவர். பாதிப் பணம் அங்கேயே கொடுத்தோம்.

வண்டி வந்தது ராத்திரி எட்டு மணிக்கு மேல். பகல் வெயிலில் ஏற்றினால் கோழி செத்துவிடும் என்றார்கள். அது நிஜம்தான், கோழி வண்டிகள் பெரும்பாலும் ராத்திரியில்தான் ஓடும். இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் கூண்டுக்குக் கூண்டு மாற்றிவிட்டு, மீதிப் பணத்தை ஜிபேயில் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். காலையில் பால் ஊற்ற வந்த பக்கத்துத் தோப்பு அக்கா ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்தார். "ஏனுங் கண்ணு, இதுக கழிச்சுப் போட்ட கோழிகளாட்ட இருக்குதே?"

அவர் காட்டியதை அப்படியே எழுதுகிறேன், வாங்கப் போகிறவர்களுக்கு இதுதான் முக்கியம். முதலில் கால். மஞ்சள் தோல் உள்ள முட்டைக்கோழி முட்டையிடத் தொடங்கினால் உடம்பில் இருக்கிற மஞ்சள் நிறம் கருவுக்குப் போய்விடும். ஆசனவாய், கண் வளையம், காது மடல், அலகு, கடைசியாகக் கால் என்ற வரிசையில் வெளுக்கும். கால் முழுக்க வெளுக்க ஏறக்குறைய ஆறு மாதமாவது விடாமல் முட்டை வைத்திருக்க வேண்டும். முட்டையே வைக்காத இருபது வாரக் கோழிக்குப் பொதுவாகக் கால் இப்படி வெளுக்காது. எங்களுக்கு வந்தவற்றின் கால்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தன.

அடுத்தது அலகு. மேலலகு வெட்டிச் சுட்டிருந்தது. பெரிய பண்ணைகளில் ஒன்றையொன்று கொத்தாமலிருக்கச் செய்வார்கள். பண்ணையிலிருந்து வரும் நல்ல வெடைக்கும் இது இருக்கும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. ஆனால் "எங்க தோப்புல மேஞ்சு வளந்ததுங்க" என்று விற்ற கோழிக்கு ஏன் இருக்க வேண்டும்? நகத்தையும் பாருங்கள். மண்ணைக் கிளறுகிற கோழிக்கு நகம் தேய்ந்திருக்கும், கம்பிக்கூண்டிலேயே கிடந்ததற்கு வளைந்து நீண்டிருக்கும். கழுத்தில் தீவனத் தொட்டிக் கம்பி உரசி இறகு போயிருக்கும். எங்களுடையவற்றில் இவை எல்லாமே இருந்தன.

கணக்கு இப்படித்தான். பெரிய பண்ணைகளில் 72 வாரம், 80 வாரம் ஆனதும் முட்டை குறைந்துவிட்டதென்று மொத்தமாகக் கழித்துக் கறிக்கு எடை போட்டு விற்பார்கள். அதை வாங்கி, பழுப்பு நிறத்தில் இருப்பதைப் பொறுக்கி, கலப்பின நாட்டு வெடை என்று கோழிக்கு 450 ரூபாய் வைத்து நம்மிடம் தள்ளுகிறார்கள். வந்த வாரம் நாலைந்து முட்டை கிடைத்தது. அப்புறம் இறகு உதிர்க்க ஆரம்பித்தன, முட்டையும் நின்றது. கேட்டால், "இடம் மாறுன சடவுங்க, சரியாப் போயிரும்."

ஊசி போட்டதாக ஒரு அட்டையும் தந்தார்கள். மிருகாசுபத்திரி டாக்டர் அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கான ஆர்2பி தடுப்பூசி இரண்டாம் வாரம் போட்டதாக எழுதியிருந்தது. வெள்ளைக்கழிச்சலுக்குக் குஞ்சில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்துதான் விடுவார்கள். ஆர்2பி வீரியமானது, எட்டு வாரம் போல ஆன பிறகுதான் போடுவது. மருந்தின் பேட்ச் எண், குஞ்சு பொரித்த தேதி எதுவும் அட்டையில் இல்லை. ஊரில் உள்ள எல்லோருக்கும் அதே அட்டையை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்திருப்பார்கள் போல.

இதில் போனது பணம் மட்டுமில்லை. "எல்லாம் ஊசி போட்டதுங்க, உங்க கோழியோட ஒண்ணாவே விடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா வளர்த்த நாட்டுக்கோழிகள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, ஒவ்வொன்றாகப் போயின. வந்த கோழிகள் நின்றுகொண்டுதான் இருந்தன. ஊசி போட்ட கோழி தனக்கு ஒன்றும் ஆகாமலே நோயைச் சுமந்துவந்து பரப்ப முடியும் என்று டாக்டர் சொன்னார். எங்கே வாங்கினாலும் புதுக்கோழியை இரண்டு மூன்று வாரம் தனியாக, தனித் தண்ணீர்ப் பாத்திரத்தோடு வைக்கச் சொன்னார்.

ஆட்டுக் கதை சின்னது. "தலைச்சினை, மூணு மாசம்" (முதல் சினை) என்று சொன்ன இரண்டுக்கும் முன்வாயில் எட்டுப் பால்பல்லும் விழுந்து புதுப்பல் முளைத்திருந்தது, அதாவது நாலு வயசுக்கு வந்தவை. ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். அந்தக் கெடு தாண்டியும் குட்டி இல்லை. சந்தையில் ஆட்டின் வாயைத் திறந்து பார்ப்பதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இங்கே அதையும் இருட்டில் முடித்துவிட்டார்கள்.

திரும்ப எடுத்துக்கொள்வோம் என்ற பேச்சு எங்கே போனது? அதற்குத்தான் எல்லை கைகொடுக்கிறது. போன் செய்தால், "பறவைக் காய்ச்சலுங்க, கேரளாக் கோழிய செக்போஸ்ட்ல விடமாட்டாங்க" என்கிறார். 2024 ஏப்ரலில் ஆலப்புழையில் பறவைக் காய்ச்சல் வந்தபோது தமிழ்நாட்டுச் சாவடிகளில் கேரளக் கோழி வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள், அது எல்லோருக்கும் தெரியும். அந்தச் செய்தியை இப்போதும் சொல்லித் தப்பிக்கிறார். முட்டையையும் ஏற்ற மாட்டாராம். விற்கும்போது மட்டும் அதே ரோட்டில் வண்டி வந்து போகிறது. கொங்குப் பக்கம் 2012-ல் வெளிவந்த, ஈமு வளர்க்கக் கொடுத்துத் திரும்ப வாங்குவதாகச் சொல்லி ஏமாற்றிய மோசடியைப் பார்த்தவர்கள், கோழி விற்கிறவனே திரும்ப வாங்குகிறேன் என்றால் அங்கேயே எழுந்துவிட வேண்டும் என்பார்கள். நியாயம்தான்.

வேறு எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். மலம்புழையில் அரசுக் கோழிப்பண்ணை இருக்கிறது. மண்ணுத்தியில் உருவாக்கிய கிராமஸ்ரீ கோழி நம் பக்கத்துக்குத் தோதானது. கால்நடைத் துறை அங்கீகரித்த எக்கர் நர்சரிகளில் குஞ்சை இரண்டு மாதம் போல வளர்த்துக் கொடுக்கிறார்கள். பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை வைத்துத்தான் இந்த வண்டிக்காரர்கள் பிழைக்கிறார்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: விற்றவன் தமிழ்நாட்டில், நாம் கேரளாவில் என்பதால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைக்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம், நமக்குப் பாலக்காடு. கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகாரைப் பதியலாம். வியாபாரத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதாடும், அதனால் வீட்டு உபயோகத்துக்கு என்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். பில் கேட்டால் தரவே மாட்டார்கள். ஜிபே ரசீது, விளம்பரத்தின் படம், குரல் பதிவு, டாக்டர் எழுதிய சீட்டு இவற்றைத்தான் நான் வைத்திருக்கிறேன்.

என் மனு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. இதே பேக்கேஜை வாங்கியவர்கள் யாராவது இருந்தால், ஊசி அட்டையைப் படமெடுத்து அனுப்புங்கள். இரண்டாம் வாரம் ஆர்2பி என்று அதே கையெழுத்தில் இருந்தால், ஒரே ஆள்தான் என்று காட்ட எனக்கு உதவும்.