சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு மெட்ரோவா, டாக்ஸியா?

காசு: மெட்ரோவில் எங்கிருந்து ஏறினாலும் 50 ரூபாயைத் தாண்டாது. டாக்ஸிக்குப் பல நூறு. மழை பிடித்துக்கொண்டால் ஆப் காட்டும் தொகையைப் பார்த்துத் தலை சுற்றும். இன்னும் மலிவாக வேண்டுமா? தாம்பரம் மின்சார ரயிலில் திரிசூலத்தில் இறங்கி, சுரங்கப்பாதை வழியே ஜிஎஸ்டி சாலையைக் கடக்கலாம். பீக் ஹவரில் மட்டும் பெட்டியோடு அதில் ஏறாதீர்கள்.

நேரம்: சென்ட்ரலிலிருந்து நீல வழித்தடத்தில் முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். டாக்ஸி? மாலை ஆறு மணிக்கு கிண்டியில் நின்றவர்களைக் கேளுங்கள். ஆனால் மெட்ரோ காலை ஐந்து மணிவாக்கில் தொடங்கி இரவு பதினொன்றோடு முடிந்துவிடும். விடியற்காலை விமானம் என்றால் பேச்சே இல்லை, டாக்ஸிதான்.

சுமை: முதுகுப்பையும் ஒரு சின்ன டிராலியும் என்றால் மெட்ரோ சுகம். சிங்கப்பூர் போகும் அத்தைக்கு ஊறுகாய், வடாம் எல்லாம் கட்டிய அட்டைப்பெட்டி நான்கு இருந்தால், லிஃப்ட் வாசலில் வரிசையில் நிற்கும்போதே கை கடுக்கும்.

நிம்மதி: இங்கே என் ஓட்டு மெட்ரோவுக்கு. போன மாதம் டாக்ஸி புக் செய்தேன். ஓட்டுநர் கூப்பிட்டு, "சார், எங்க போகணும்? கேஷா, ஆன்லைனா?" என்றார். ஆன்லைன் என்றதும் லைன் கட். பத்து நிமிடம் வீண்.

தனி ஆள், பகல் விமானம், வீட்டருகே ஸ்டேஷன்: மெட்ரோ. வயதான அப்பா அம்மா, கைக்குழந்தை, நள்ளிரவு: டாக்ஸி; அதையும் அரை மணி நேரம் முன்பே புக் செய்துவிடுங்கள்.